சேவை எப்போது உறவாகிறது? கொல்கத்தா பெஹாலாவின் செல்லோ சொல்லும் கதை

பெஹாலா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சௌரவ் கங்குலி. தாதாவின் வீடு இருக்கும் ஏரியா. கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும்: ஜோகாவில் இருக்கும் ஐஐஎம்முக்குப் போகிற வழி. 2022 டிசம்பர் 30 அன்று ஜோகா - தாராதலா மெட்ரோ திறக்கப்பட்ட பிறகு, டைமண்ட் ஹார்பர் சாலை டிராஃபிக்கில் சிக்காமலேயே பெஹாலாவைக் கடந்துவிடலாம்.

ஆனால், கொல்கத்தாவில் வயலினோ செல்லோவோ வாசிக்கும் ஒருவரிடம் பெஹாலாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும்: பெஹாலாவின் பரிஷா பகுதியில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு மிஷன்.

ஒரு கிறிஸ்தவ அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் தந்தது என்றால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. நம்ம ஊரிலும் அப்படிப்பட்ட பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் நிறைய உண்டு. பெஹாலாவில் கவனிக்க வேண்டியது, கொடுத்தவர்கள் போன பிறகு என்ன மிஞ்சியது என்பதுதான். சிஎஸ்ஆர், வாலண்டியரிங் என்று நாமும் 'சேவை' செய்யக் கிளம்பும் காலத்தில் அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும்.

ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் ஏன் வந்தது?

1880இல், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த எட்வர்ட் ஜான்சனின் அழைப்பை ஏற்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த சில பாதிரியார்கள் கல்கத்தா வந்தார்கள். திருமணம் செய்துகொள்ளாமல், ஒரே வீட்டில் கூட்டாக வாழும் துறவியர் குழு அது. இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1902இல், அதற்கு இணையாகப் பெண் துறவியர் குழு ஒன்றும் உருவானது.

அவர்களின் முதல் இலக்கு ஏழைகள் அல்ல, கல்லூரி மாணவர்கள். அன்றைய கல்கத்தா இந்தியாவின் தலைநகர். ஆங்கிலம் படித்த வங்காள இளைஞர்கள் மதம், தத்துவம், அரசியல் என எல்லாவற்றையும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பேச வேண்டும், வாதிட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்காக மாணவர் விடுதி நடத்தினார்கள், 'எபிஃபனி' என்ற வார இதழும் வெளியிட்டார்கள்.

காலப்போக்கில் வேலையின் திசை மாறியது. கிழக்கு வங்காளத்தின் பரிசால் பகுதியிலும், கல்கத்தாவின் ஓரத்தில் அன்று புறநகராக இருந்த பெஹாலாவிலும் பள்ளி, விடுதி, தொழிற்பயிற்சி என்று வேலை விரிந்தது. விவாதிக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக ஆன கதை இது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெஹாலாவில் நீண்ட காலம் இருந்தவர் பாதிரியார் டக்ளஸ். அவரைப் பற்றி 1952இல் ஒரு புத்தகம் வந்தது. தலைப்பு, 'பெஹாலாவின் ஃபாதர் டக்ளஸ்'. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அவருடைய நண்பர்கள் சிலர்' என்றுதான் இருந்தது.

செல்லோ எப்படி வந்தது?

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிப்பார்கள். பெஹாலாவில் இதை வாசித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் தியடோர் மாத்திசன். மிஷன் விடுதியில் தங்கியிருந்த பையன்களுக்கு அவர் செல்லோவும் வயலினும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பையன்களில் பலர் வறுமையான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வழக்கமான கணக்குப்படி அவர்களுக்குத் தேவை சோறு, துணி, ஒரு கைத்தொழில். மேற்கத்திய செவ்வியல் இசை எதற்கு என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பதில் பிறகு வந்தது. அங்கே செல்லோ கற்ற அனூப் குமார் பிஸ்வாஸ் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் வரை போய்ப் படித்து, மேடைக் கலைஞரானார். 1994இல் தன் குருவின் பெயரில் மாத்திசன் இசை அறக்கட்டளையைத் தொடங்கினார். கொல்கத்தாவின் விளிம்பில், வசதியற்ற குடும்பப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு இசையும் சொல்லித்தரும் பள்ளிக்குப் பின்னால் இருப்பது அந்த அறக்கட்டளைதான். மாத்திசனின் இன்னொரு மாணவரான வயலின் கலைஞர் ஆபிரகாம் மஜும்தார், கொல்கத்தாவிலேயே ஓர் இசைப் பள்ளியை உருவாக்கி அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்.

இதில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு பையனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், அடுத்த வேளைக்கும் அவன் உங்களிடம்தான் வர வேண்டும். ஒரு வாத்தியம் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், நீங்கள் அவனோடு வருடக்கணக்கில் தினமும் உட்கார வேண்டும். அவன் தப்பாக வாசிப்பதைக் கேட்க வேண்டும். ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாசிப்பார்கள். அங்கே கொடுப்பவர், வாங்குபவர் என்ற கோடு அழிய ஆரம்பிக்கிறது.

உள்ளூர்க்காரர் தொடங்கிய பள்ளி

வெளிநாட்டுப் பாதிரியார்கள்தான் எல்லாம் செய்தார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதே பெஹாலாவில் இருக்கிறது கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி. 1897இல் அதைத் தொடங்கியவர் லால் பிஹாரி ஷா என்ற வங்காளக் கிறிஸ்தவர்.

அவர் செய்த முக்கியமான வேலை, பிரெய்ல் எழுத்து முறையை வங்க மொழிக்கு ஏற்றபடி வகுத்தது. 'ஷா பிரெய்ல்' என்று அதற்குப் பெயர். இந்திய மொழிகளுக்கான பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பார்வையற்ற வங்காளப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் படிக்க வழி செய்தவர் ஷா. நம்ம பாளையங்கோட்டையிலும் 1890களில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் வளர்ந்தன. திருநெல்வேலிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மேற்கு வங்கத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய கூட்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12%. மேற்கு வங்கத்தில் 0.72% மட்டுமே. அதாவது ஆயிரம் பேரில் ஏழு பேர். அங்கே ஒரு தேவாலயம் அக்கம்பக்கத்தோடு பழகுவது என்றால், அது கிட்டத்தட்ட முழுக்க வேறு மதத்தவரோடு பழகுவதுதான்.

ஒரு தமிழர் வைத்த கோரிக்கை

இந்த 'சேவை வேறு, உறவு வேறு' என்ற வித்தியாசத்தை உலக மேடையில் போட்டு உடைத்தவர் ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள். அங்கே பேசிய அசரியா, வெளிநாட்டு மிஷனரிகளின் தியாகத்தை மறுக்கவில்லை. பணம் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியர்களைச் சமமாக நடத்தவில்லை, கைகுலுக்கவும் வீட்டுக்கு அழைக்கவும் தயங்குகிறீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்.

அரங்கில் பலருக்கு அது கசந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவின் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

அதே பேராலயம் 1971இல் இன்னொரு வேலைக்கு மையமானது. வங்கதேசப் போரின்போது சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அப்போது பேராலயத்தின் பாதிரியாராக இருந்த சுபீர் பிஸ்வாஸ், பேராலய நிவாரண சேவை அமைப்பைத் தொடங்கினார். போர் முடிந்த பிறகும் அது மூடப்படவில்லை, கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் வேலையைத் தொடர்ந்தது. அவசர உதவி, அக்கம்பக்கத்து உறவாக மாறியது.

சேவைக்குப் பின்னால் மதமாற்றமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சோறு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது, இன்றும் அரசியலில் சூடாக இருப்பது. மிஷனரிகளில் பலர் மதம் பரப்பும் நோக்கத்தோடுதான் வந்தார்கள், அதை அவர்களே மறைக்கவில்லை. காலனி ஆட்சியின் நிழலில் அவர்கள் இயங்கியதும் உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது? மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடைமுறையில் ஒரு சேவையை எடைபோட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. மதம் மாறாதவரோடும் உறவு அதேபோலத் தொடர்கிறதா? இதற்குத் தஞ்சாவூரில் ஒரு பழைய உதாரணம் உண்டு. ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், சிறுவனாக இருந்த இரண்டாம் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1798இல் ஷ்வார்ட்ஸ் இறந்த பிறகு, ஃப்ளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியிடம் சொல்லி, தேவாலயத்துக்குள் பளிங்கு நினைவுச் சின்னம் வைத்தவரும் அதே சரபோஜிதான். தஞ்சை சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் அந்தத் தேவாலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

மாத்திசன் காலத்து முறை இன்று அப்படியே நடக்காது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, பணம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ பிரதான கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 2021 டிசம்பரில் அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கே உரிமப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, அடுத்த மாதம் மீண்டும் கிடைத்தது. கண்காணிப்பு தேவை என்கிறது அரசு. கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் போகும் பாதை அடைபட்டுவிட்டது என்கிறார்கள் தொண்டு நிறுவனத்தினர்.

இரண்டாவது, குழந்தைகள் பற்றிய பார்வை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். முடிந்தவரை பிள்ளை குடும்பத்தோடுதான் வளர வேண்டும், இல்லம் கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்த பழைய வழக்கம் சரிதானா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இதனால் வெளியிலிருந்து வரும் பணத்தையும் பெரிய கட்டடத்தையும் மட்டுமே நம்பிய சேவைக்கு நெருக்கடிதான். தெருவில் உள்ளவர்களைத் தெரிந்து வைத்திருக்கும் சபை, சாயங்காலப் படிப்பு மையமாகவோ இசை வகுப்பாகவோ தன் வேலையை மாற்றிக்கொள்ள முடியும்.

நமக்கு இதில் என்ன?

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதனால் நம்மில் பலர் வருஷத்தில் ஒரு நாள் ஆபீஸ் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஓர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ போகிறோம். கேக் வெட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம், கிளம்புகிறோம்.

அதில் தப்பில்லை. ஆனால் பெஹாலாவின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அங்கே என்ன இல்லை என்று பட்டியல் போடும் முன், அங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டு, பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்துமுறை போவது. உங்களுக்குத் தெரிந்த கோடிங்கோ கணக்கோ கிடாரோ, அதையே சொல்லிக்கொடுக்கலாம். மூன்று, அவர்களிடமிருந்தும் எதையாவது வாங்கிக்கொள்வது. அது ஒரு சமையலாக இருக்கலாம், ஒரு பாட்டாக இருக்கலாம், ஒரு வேளைச் சாப்பாடாகவும் இருக்கலாம்.

அடுத்த ஆபீஸ் விசிட்டுக்கு ஹெச்ஆர் பட்டியல் அனுப்பும்போது, போன வருஷம் போன அதே இடத்துக்கே போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே உங்களை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு பிள்ளையாவது இருக்கக்கூடும்.