மேப்பிள் மட்டையும் ஒரு துளி மையும்

2008ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் டொட்ஜர் மைதானத்தில், பத்து நாள் இடைவெளியில் இருவர் மரத்தினாற் காயமுற்றனர். ஒருவர் பிற்ஸ்பேர்க் அணியின் பயிற்சியாளர். தம் அணியின் வீரர் அடித்த அடியில் மட்டை முறிந்து, அதன் சிம்பு அவருடைய கண்ணுக்குச் சற்றுக் கீழே கன்னத்தைக் கிழித்தது. மற்றவர் ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி. எல்லோரையும் போல அவரும் பந்தின் போக்கையே பார்த்திருந்தார். முறிந்த மட்டையின் பெரும்பாதி சுழன்று வந்து அவருடைய தாடையெலும்பை உடைத்தது. இரண்டு மட்டைகளும் மேப்பிள் மரத்தாலானவை.

விளையாட்டு மட்டை ஒன்றைத் தெரிவுசெய்வது ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று கேட்பவர்க்கு என் முதல் விடை இச்சம்பவங்கள்தாம்.

பேஸ்போல் ஆட்டம் நம்மவர்க்கு அதிகம் பழக்கமானதன்று. தென்னிலங்கைக் கிராமங்களிலே புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படும் எல்லே விளையாட்டைக் கண்டவர்கள் அதனை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். கிறிக்கற் மட்டைக்குத் தட்டையான முகமும், பிரம்பு பொருத்திய பிடியும், மென்மையான வில்லோ மரமும் உண்டு. அடியின் அதிர்ச்சியைப் பிரம்பு வாங்கிக்கொள்ளும். பேஸ்போல் மட்டைக்கு அவ்வித சலுகை எதுவும் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் அது ஒரே மரத்துண்டிலே கடைந்த உருளையாக இருத்தல் வேண்டும். நீளம் 42 அங்குலத்தையும், மிகத் தடித்த இடத்தின் விட்டம் 2.61 அங்குலத்தையும் விஞ்சலாகாது என்பது விதி. நுனியிலே பருத்துப் பிடியிலே மெலிந்த அந்தத் தண்டு, மணிக்குத் தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்தை எதிர்கொள்கிறது. மெலிந்த பிடியே அதன் உயிர்நிலை.

மிகப் பழைய காலத்தில் ஹிக்கரி மரத்தால் மட்டை கடைந்தார்கள். அது உறுதியானது, ஆனால் பாரமானது. பேப் ரூத் போன்ற பலசாலிகள் நாற்பது அவுன்சுக்கு மேற்பட்ட மட்டைகளை வீசினார்கள். பந்தெறிவோரின் வேகம் ஏற ஏற மட்டையின் பாரம் குறையலாயிற்று. ஹிக்கரியின் இடத்தை வெள்ளை ஆஷ் மரம் பற்றிக்கொண்டது. பென்சில்வேனியா, நியூயோர்க் மாநிலங்களின் காடுகளிலிருந்து வந்த அம்மரமே இருபதாம் நூற்றாண்டின் பேஸ்போல் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதியது எனலாம்.

மேப்பிளின் கதை கனடாவிலே தொடங்குகிறது. ஒட்டாவா நகரின் தேசிய கலை நிலையத்தில் நாடக மேடைத் தச்சராக இருந்தவர் சாம் ஹோல்மன். ஆஷ் மட்டைகள் அடிக்கடி முறிகின்றனவே, இதற்கு ஒரு வழி காணலாகாதா என்று அணிகளுக்கு ஆள் தேடும் நண்பர் ஒருவர் 1996இல் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். தச்சர் மேப்பிளை எடுத்துக் கடைந்தார். 1997இல் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியின் ஜோ கார்ட்டர் அதனைக் கையிலெடுத்தார். 2001இல் பரி பொண்ட்ஸ் ஒரே பருவத்தில் 73 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பியபோது அவர் கையில் இருந்ததும் ஹோல்மனின் மேப்பிள் மட்டையே. அச்சாதனைமீது ஊக்கமருந்துச் சர்ச்சையின் நிழல் படிந்திருக்கிறது. ஆனால் அக்காலத்து இளைஞர் கண்டது மட்டையைத்தான். அவர் எதனால் அடிக்கிறாரோ அதனால் நாமும் அடிப்போம் என்று புறப்பட்டார்கள். நடிகர் கட்டும் வேட்டியின் கரையைப் பார்த்துத் துணி வாங்கும் நம்மூர் வழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இது நிற்க. மேப்பிளில் அடித்தாற் பந்து அதிக தூரம் போகுமா? இக்கேள்வியை ஆய்வுகூடங்களிலே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே வடிவமும் ஒரே பாரமுமுள்ள ஆஷ் மட்டையிலிருந்தும் மேப்பிள் மட்டையிலிருந்தும் பந்து புறப்படும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேப்பிளின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. ஆஷ் மரத்தின் ஆண்டு வளையம் ஒவ்வொன்றிலும், வசந்தகாலத்தில் வளர்ந்த பகுதியிலே பெரிய துளைகள் வரிசையாக அமைந்திருக்கும். அடிபட அடிபட அப்பகுதி நசுங்கி, மட்டையின் மேற்பரப்பு ஓலை ஓலையாக உரியத் தொடங்கும். மேப்பிளின் துளைகளோ நுண்ணியவை. வளையம் முழுவதும் பரவிக் கிடப்பவை. எனவே அது உரிவதில்லை. முகம் கன்னங்கரேலென்று அடிபட்டாலும் உருவம் குலையாமல் நிற்கும்.

ஆனால் அக்குணமே அதன் குற்றமுமாயிற்று. ஆஷ் மட்டை தன் முதுமையை முன்கூட்டியே சொல்லிவிடும், மேப்பிள் சொல்லாது. நேற்றுவரை நன்றாயிருந்த மட்டை இன்று ஓர் அடியில் இரண்டாகும்.

முற்கூறிய விபத்துகளின் பின்னர் அமெரிக்க அரசின் வனத்துறைக்குரிய, விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரிலுள்ள மரப்பொருள் ஆய்வுகூடத்திடம் இந்த விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. 2008 யூலை முதல் செப்டெம்பர் வரை பெரும் அணிகளின் ஆட்டங்களில் முறிந்த மட்டைகள் 2,232ஐத் திரட்டினார்கள். அவற்றுள் 756 பல துண்டுகளாகச் சிதறியவை. அத்துண்டுகளையும் ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளையும் வைத்து ஒவ்வொன்றும் எவ்வாறு முறிந்தது என்று பார்த்தார்கள். அவர்கள் கண்ட முதற் காரணம், தச்சுவேலை தெரிந்த எவரும் தலையசைத்து ஒப்புக்கொள்ளக்கூடியது: நாரோட்டம் சாய்ந்திருந்தது.

மரத்தின் நார்கள் நெடுக ஓடும் திசையில் அதற்குள்ள வலிமை குறுக்குத் திசையில் இல்லை. விறகு கொத்தும் சிறுவனும் இதை அறிவான். பிடியின் நீளத்தோடு நார்களும் நேரே ஓடினால் அவை யாவும் ஒன்றாய் நின்று அடியைத் தாங்கும். நார்கள் சாய்ந்து பிடியின் பக்கத்தால் வெளியேறினாலோ, அந்தச் சாய்வே பிளவுக்குப் பாதையாகும். பிளந்த துண்டு ஈட்டிமுனைபோற் கூர்ந்திருக்கும். சாய்வு மூன்று பாகைக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தார்கள். மூன்று பாகை என்பது இருபது அங்குல ஓட்டத்தில் ஏறத்தாழ ஓர் அங்குல விலகல். கண்ணாற் காண்பது எளிதன்று.

மேப்பிளின் வஞ்சகம் இங்கேதான் இருக்கிறது. ஆஷ் மரத்திலே வரிகள் துலக்கமானவை. ஆலைத் தொழிலாளி பார்த்த அளவில் நல்லதையும் அல்லாததையும் பிரித்துவிடுவான். மேப்பிளில் வளைய வரிகளே மங்கலானவை. அவை நேராகத் தோன்றினாலும் உள்ளே நார்கள் வேறு திசையிற் சாய்ந்திருக்கக்கூடும். இதனைக் கண்டுபிடிக்க அவர்கள் கைக்கொண்ட உபாயம் மிக எளியது. பிடியின் மேல் ஒரு துளி மை. மேப்பிளின் நுண்ணிய துளைகள் மையை உறிஞ்சி நாரோட்டத்தின் வழியே இழுத்துச் செல்லும். புள்ளி சிறு கோடாக நீளும். அக்கோடு மட்டையின் நீளத்தோடு ஒத்திருந்தால் மரம் நேர். விலகியிருந்தால் விலகிய அளவே சாய்வு. இத்தனை பெரிய வணிகத்துக்கு இறுதியில் நீதி வழங்கியது ஒரு மைப்புள்ளி என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. இம்முறையும் வேறு சில கட்டுப்பாடுகளும் 2009 முதல் நடைமுறைக்கு வந்தன. அடுத்த சில ஆண்டுகளிலே மேப்பிள் மட்டைகள் சிதறும் வீதம் பாதிக்கு மேற் குறைந்தது.

இனி, தெரிவுசெய்யும் முறைக்கு வருவோம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலே என் தங்கையின் பேரன் ஒருவன் இருக்கிறான். வயது பதினேழு. அலுமினிய மட்டையிற் பழகியவன், மர மட்டை ஆடும் அணியொன்றிற் சேர்ந்திருந்தான். வார இறுதிகளில் ஒரு மளிகைக் கடையில் வேலைசெய்து சேர்த்த நூற்றைம்பது டொலர் அவன் கையில் இருந்தது. அப்பருவம் முழுவதற்கும் ஒரே மட்டைதான். முறிந்தால் வேறு வாங்க வழியில்லை. கடையின் சுவரிலே ஐம்பது மட்டைகள் சாய்ந்து நின்றன.

“எல்லாம் ஒண்டுபோலத்தானே தாத்தா இருக்கு?” என்றான்.

“இல்லைத் தம்பி, ஒண்டும் ஒண்டுபோல இல்லை. முதலில கறுப்பு மை பூசினதுகளை விடு” என்றேன்.

பிடிவரை கடும் நிறம் பூசிய மட்டை அழகாக இருக்கலாம். அதன் நாரோட்டத்தை யார் காண்பது? பிடியில் மரத்தின் இயல்பு நிறம் தெரிய மெருகெண்ணெய் மாத்திரம் பூசியதே நம்பத்தக்கது. மைப்புள்ளி இட்ட மட்டை கிடைக்குமாயின் நன்று. கடையிலே நாமாக மை இட்டுப் பார்க்க இயலாது. மெருகின் மேல் மை ஊறாது. புள்ளி இல்லாதவற்றிலே பிடியை ஒளிக்கு நேரே பிடித்து, நீளவாக்கிலே தெரியும் மெல்லிய கீறல் போன்ற துளைகளின் திசையைப் பார்க்க வேண்டும். எங்கள் தகப்பனார் கூரைக்குப் பனஞ்சிலாகை வாங்கும்போது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை ஓட்டம் பார்ப்பார். பிறகு விரல் மடக்கித் தட்டுவார். அமெரிக்க வீரர்களும் மட்டையைத் தட்டி ஒலி கேட்கிறார்கள். கணீரென்ற ஓசை அடர்த்தியான மரத்துக்கு அடையாளம் என்பது அவர்கள் துணிபு.

அடுத்தது பாரம். மட்டைகளின் அளவை அங்குல நீளத்துக்கும் அவுன்ஸ் பாரத்துக்குமுள்ள வித்தியாசத்தாற் கூறுவர். 33 அங்குலமும் 30 அவுன்சும் ஆனால் வித்தியாசம் மூன்று. வாலிபர் எல்லோரும் நுனி பருத்ததும் பாரம் குறைந்ததுமான மட்டையையே விரும்புவர். ஆனால் பெரிய மட்டை இலேசாக இருக்க வேண்டுமாயின் மரம் அடர்த்தி குறைந்ததாக இருக்க வேண்டும். அடர்த்தி குறைந்த மேப்பிள் வலிமையும் குறைந்தது. கடினமான சர்க்கரை மேப்பிளே மட்டைக்கு உரியது. 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் பின் பெரும் அணிகளிற் புதிதாகச் சேர்ந்த வீரர்க்கு அடர்த்தி குறைந்த மேப்பிள் மறுக்கப்பட்டதும் இக்காரணத்தாலேயே. ஆகவே ஐந்து அவுன்ஸ் வித்தியாசம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிக்கொள்வதே புத்தி.

வடிவங்களுக்கு எண்கள் உண்டு. 110 என்னும் வடிவம் தடித்த பிடியும் சமநிலையும் உடையது. 243 நுனி பருத்தது, வீசுவதற்குக் கைவலு வேண்டும். நுனியிற் கிண்ணம்போற் குடைந்திருப்பது பாரத்தைக் குறைப்பதற்கு. விதிப்படி அக்குழி ஒன்றேகால் அங்குல ஆழம் வரை செல்லலாம். அலுமினியத்திலிருந்து மரத்துக்கு வருபவன் பந்தைத் தவறான இடத்திலே பலமுறை வாங்குவான். மட்டையின் நல்ல இடம் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். பிடிக்கு அண்மையிற் பந்து பட்டால், அலுமினியத்தில் கை எரியும், மரத்தில் மட்டை போகும். ஆதலால் முதல் மர மட்டைக்குத் தடித்த பிடியையே நான் சிபாரிசு செய்வேன். பையனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 243ஐ இருமுறை எடுத்து வீசிப் பார்த்தான். மூன்றாம் முறை அவனாகவே சுவரிற் சாய்த்துவிட்டான்.

இன்னொன்றும் உண்டு, இதனைக் கடைக்காரர் பலர் சொல்வதில்லை. உருளையான மட்டைக்கு முகம் ஏது என்று தோன்றும். ஆயினும் மட்டையைக் கையிற் சுழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத்திலே வரிகள் நெருங்கிய நேர்கோடுகளாக ஓடும். கால்வட்டம் திருப்பினால் மலைமுகடுகளை அடுக்கியதுபோல அகன்ற வளைவுகள் தோன்றும். ஆஷ் மட்டையிலே நேர்கோட்டுப் பக்கத்தாற் பந்தை அடிக்க வேண்டும். மேப்பிளிலோ அகன்ற வளைவுப் பக்கமே உறுதியானது என்று மடிசன் ஆய்வு கூறிற்று. அதன் விளைவாகப் பெரும் அணிகளின் மேப்பிள் மட்டைகளிலே தயாரிப்பாளர் முத்திரையைக் கால்வட்டம் திருப்பிப் பொறிக்கச் செய்தார்கள். ஆகவே முத்திரை மேனோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கப் பிடித்தால், பந்து தானாகவே உரிய பக்கத்திற் படும். முத்திரையின் மேல் அடிப்பவன் தன் மட்டையைத் தானே முறிக்கிறான்.

ஆஷ் மரத்தையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அது கிடைப்பது அரிதாகிவருகிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்தின் டெற்றொயிற் நகரருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டையின் உட்புறத்தைத் தின்று மரத்தின் உணவோட்டத்தை அறுக்கின்றன. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் மடிந்துவிட்டன. ஒரு நூற்றாண்டு மட்டை தந்த காடுகள் வெறிச்சோடுகின்றன. மஞ்சள் பேர்ச் மரத்தைச் சிலர் நாடுகிறார்கள். பெரும்பாலோர் கையில் இருப்பது மேப்பிள்தான்.

பையன் இறுதியில் எடுத்தது 33 அங்குலம், 30 அவுன்ஸ், 110 வடிவம். பிடியில் மைப்புள்ளி நேர்கோடாய் ஊறியிருந்தது. நூற்று நாற்பது டொலரை எண்ணிக் கொடுத்தான். ஈரத் தரையில் கிடத்தாதே, வெயிலிலே காரினுள் பூட்டி வைக்காதே என்று சொன்னேன். தங்களிடம் காரே இல்லையே என்று சிரித்தான். பேருந்துத் தரிப்பிடம் வரை அவன் அதனை உறையினுள் இடவில்லை. முத்திரை மேலே வரும்படி பிடித்துக்கொண்டே நடந்தான்.