கந்தக பூமியும் இருநூறு மீட்டர் தண்ணீரும்

படகோட்டும் வீராங்கனை ஒருவரின் வாழ்க்கையைச் சிவகாசி வட்டாரத்து வாசகர்கள் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அவர் எந்த உடலோடு அந்தப் படகில் ஏறினார் என்பதே விடையாகும். குவாலியரில் 1995இல் பிறந்த பிராச்சி யாதவ், பிறவியிலேயே கால்களில் வலு குன்றியவர். 2007இல் நீச்சலுக்கு வந்த அவர், பயிற்சியாளரின் யோசனைப்படி 2018இல் துடுப்புப் படகுக்கு மாறி, போபால் நகரத்து ஏரியைத் தம் பயிற்சிக் களமாக்கிக்கொண்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தப் பந்தயம் 200 மீட்டர் தூரமே கொண்டது. அலையற்ற நீரில், நேர்கோட்டில், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவது. இருமுனைகளிலும் தகடு கொண்ட துடுப்பால் செலுத்தப்படுவது கயாக் எனவும், பசிபிக் தீவு மக்களின் மரபில் வந்த, பக்கவாட்டு மிதவையும் ஒருமுனைத் துடுப்பும் உடையது வா எனவும் வழங்கப்படுகின்றன. கயாக் 2016 ரியோ பாராலிம்பிக்கிலும், வா அதற்கடுத்த டோக்கியோ போட்டியிலும் சேர்க்கப்பட்டன. கால்களிலும் இடுப்புக்கு மேற்பட்ட உடற்பகுதியிலும் எஞ்சியிருக்கும் வலுவை அளந்து வீரர்கள் மூன்று பிரிவுகளாக வகுக்கப்படுகின்றனர். பிராச்சி இரண்டாம் பிரிவினர்.

டோக்கியோவில் இப்பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான அவர், இறுதிச் சுற்றுவரை சென்று எட்டாமிடம் பெற்றார். 2022 மே மாதம் போலந்தின் போஸ்னான் நகரில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலமும், 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டியில் கயாக்கில் தங்கமும் வாவில் வெள்ளியும் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். 2024 பாரிஸிலும் இறுதிச் சுற்றில் எட்டாமிடமே கிட்டியது என்பது அவரது சிறப்பைக் குறைத்துவிடவில்லை. ஊனமற்றோர் பிரிவில், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஜானி ரொம்மலும் சிஜி சதானந்தனும் பெற்ற வெண்கலத்துக்குப் பின், ஆசியப் போட்டியின் அடுத்த துடுப்புப் படகுப் பதக்கத்துக்கு இந்தியா 2023 வரை, அதாவது அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் ஹாங்சோவில் வெண்கலம் வெல்லும்வரை, காத்திருந்தது என்பதோடு ஒப்பிட்டால் பிராச்சியின் உயரம் விளங்கும்.

சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு இந்த வரலாறு உணர்த்துவது வேறொன்று. மழை குறைந்த, வறண்ட காற்றே இங்குத் தீப்பெட்டித் தொழிலையும் அதன்பின் பட்டாசுத் தொழிலையும் நிலைக்கச் செய்தது. அதே தொழில் ஆண்டுதோறும் உடல்களைச் சிதைத்தும் வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளில் மாண்டோரின் எண்ணிக்கை நாடெங்கும் செய்தியாயிற்று. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு, தரைமட்டமான அறைகள், நிவாரணத் தொகை என்ற வரிசையில் ஒவ்வொரு செய்தியும் முடிந்துவிடுகிறது. பிழைத்தவர் அதற்குப்பின் எப்படி வாழ்கிறார் என்று கேட்பார் இல்லை. காலிழந்தவரும், இடிபாடுகளில் முதுகுத்தண்டு அடிபட்டவரும் நிவாரணப் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெற்று, பின்னர் வீட்டுத் திண்ணையோடு முடங்கிப்போவதுதான் இவ்வட்டாரத்தின் பெரிய இழப்பு. வெறும் தொகையால் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

துடுப்புப் பந்தயம் இவர்கள் எல்லோருக்கும் உரியதன்று. அதன் பிரிவுகள் கால், உடற்பகுதிக் குறைபாடுகளை ஒட்டியவை என்பதால் கை கருகியவர்களுக்கு வேறு விளையாட்டுகளே பொருந்தும். ஆயினும், பேருந்து விபத்தில் கால் சிதைந்த சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாநிலத்தில், விபத்துகள் மலிந்த ஒரு மாவட்டம் மாற்றுத்திறனாளர் விளையாட்டை அயலூர்ச் செய்தியாகவே படித்துக்கொண்டிருப்பது விந்தை.

வானம் பார்த்த கரிசல் பூமியில் தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி எழலாம். வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டை அணையும், அர்ஜுனா நதியில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி நீர்த்தேக்கங்களும் உள்ளன; வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டுகளில் சில மாதங்களேனும் 200 மீட்டர் நீளத்துக்கு நிலைநீர் கிடைப்பது அரிதன்று. வெம்பக்கோட்டை அணையோ பட்டாசு ஆலைகள் செறிந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. குடிநீருக்கே தவிக்கும் ஊரில் படகு விளையாட்டு ஆடம்பரம் என்போரும், பாதுகாப்பான பணியிடமே முதல் தேவை என்போரும் உண்டு. இவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இப்படகுகளுக்கு இயந்திரமோ எரிபொருளோ கிடையாது என்பதால் நீர் மாசுபடுவதில்லை. பணியிடப் பாதுகாப்போ ஏற்கெனவே அடிபட்டவருக்குக் காலத்தில் வந்து சேராத உதவி.

ஆகவே, வெடிவிபத்தில் உயிர்தப்பியோரின் பெயர், வயது, காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். பட்டாசு விற்பனையின் ஒவ்வொரு பருவத்திலும் சிறு பங்கை ஒதுக்கி, அவர்களுள் தகுதியுள்ளோருக்குப் பயிற்சியாளரையும் ஓரிரு படகுகளையும் ஏற்பாடு செய்ய ஆலை அதிபர்கள் முன்வர வேண்டும்.