மணலுக்கு ஓர் எருத்தொட்டி

மன்னார்த் தீவில் வீட்டுத் தோட்டம் போட முனைவோர் முதலில் மணலோடுதான் போராட வேண்டியிருக்கிறது. காலையில் வார்த்த நீர் வேரிலே தங்காமல் கீழிறங்கி விடுகிறது. இட்ட பசளையும் அதனோடு கரைந்து போகிறது. நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் ஆற்றலை இம்மணலுக்குத் தருவது மக்கிய எருவே.

2021ஆம் ஆண்டில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது, கூட்டெரு என்னும் சொல் நாடெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்ததும் பலர் அதை மறந்து விட்டனர். நாட்டின் வயல்களையெல்லாம் ஒரே போகத்தில் எருவுக்கு மாற்ற முனைந்தது பெருந்தவறு என்பதே நமது எண்ணம். ஆயினும், நான்கு கத்தரியும் இரண்டு முருங்கையும் நிற்கும் வளவுக்கு அத்தீர்ப்புப் பொருந்தாது.

கூட்டெருவை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர். இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை அவர் நடத்திய ஆராய்ச்சியிலே பிறந்தது இந்தூர் முறை. பிற்காலத்தில் மகாராட்டிரத்து விவசாயியான பாண்டரிபாண்டே, சுவரெங்கும் துளைகள் விட்டுச் செங்கல்லால் எருத்தொட்டி கட்டும் முறையைப் பரப்பினார். நாடெப் தொட்டி என்பது அதுவே. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் அதன் அளவு.

நமது வளவுக்கு அத்துணை பெரிது வேண்டுவதில்லை. மூன்றடிச் சதுரமும் மூன்றடி உயரமும் போதும்; அதனிற் குறைந்தால் குவியலில் வெப்பம் நில்லாது. 150 முதல் 200 செங்கற்கள் கொண்டு மூன்று புறம் சுவரெழுப்பி, முன்புறத்தைக் கழற்றக்கூடிய பலகைகளால் அடைக்கலாம். அடியில் சீமெந்துத் தளம் கூடாது. மண்புழுக்கள் ஏறிவர வழி வேண்டுமன்றோ? கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விடுவது காற்றோட்டத்துக்காக. ஆனால் சோழகக் காற்று மோதும் தென்மேற்குச் சுவரை இடைவெளியின்றிக் கட்டுவதே நன்று. இங்கே குவியலுக்குப் பகை உலர்ச்சியே. பூவரச நிழலும், மேலே ஒரு கிடுகும் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

சிறிதாக வெட்டிய பனையோலை, சருகு ஆகிய உலர்ந்தவை மூன்று பங்கு, பச்சைக் குழை, சமையற் கழிவு ஒரு பங்கு, இடையிடையே சாணம். வீதியில் உலாவும் கழுதைகளின் எருவும் உதவும். (கழுதைகள் உள்ளே வாய் வைக்காதிருக்கவும் செங்கற்சுவரே காவல்!) பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்தில் மீன்கழிவுக்குப் பஞ்சமில்லை. அதைக் குவியலின் நடுவே ஆழப் புதைக்க வேண்டும். இல்லையேல் காகமும் நாயும் விடா. மரக்கறி வீடுகள் இதனை விட்டுவிடலாம். கரையொதுங்கும் சாதாளையை ஒரு மாரி மழையில் உப்புக் கழுவிய பின்னரே சேர்க்கலாம்.

கையாற் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரமே அளவு. சில நாட்களில் உள்வெப்பம் 60 பாகையை எட்டும். களைவிதைகள் அதில் அழியும். நடுவிலே செருகிய இரும்புக் கம்பியை இழுத்துத் தொட்டால் சூடு தெரியும். சூடு தணிந்ததும் பலகைகளைக் கழற்றிக் கிளறி, மீண்டும் நீர் தெளிக்க வேண்டும். கிணற்று நீர் உவராயின், சேமித்த மழைநீரைக் கொள்க. ஆனி மாதத்தில் நிரப்பிய தொட்டி, ஐப்பசி மழைக்கு முன் கறுத்து உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் மணம் வீசும். அப்பொழுது கத்தரிக் குழி ஒன்றுக்கு இரண்டு கை எரு இட்டு நடலாம்.