தாத்தாவின் கல்லறை எங்கே? பதிவேட்டைக் கேளுங்க!

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மந்தைவெளி பக்கம் குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ, மெழுகுவத்தி, சுண்ணாம்பு வாளியோடு குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். நேராகத் தங்கள் கல்லறைக்குப் போகிறவர்கள் பலர். ஆனால், "இந்த வரிசைதான்... இல்ல, அந்த மரத்துப் பக்கம்" என்று தேடி அலைகிறவர்களும் உண்டு. மரச்சிலுவை மக்கிப் போயிருக்கும். பெயின்ட்டில் எழுதிய பெயர் அழிந்திருக்கும். இடம் தெரிந்த அத்தையும் இப்போது இல்லை.

அப்போ என்ன செய்வது? கல் சொல்லாததை ஏடு சொல்லும்.

கல்லை மட்டும் நம்பலாமா?

முடியாது. அதற்குச் சென்னையிலேயே பழைய சாட்சி இருக்கு. கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயம் 1680-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் வளாகத் தரையில் வரிசையாகக் கல்லறைக் கற்களைப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றின் அடியில் யாரும் அடக்கம் செய்யப்படவில்லை. அந்தக் கற்கள் இன்றைய உயர் நீதிமன்ற, முன்னாள் சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயரமான கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்திக்கொண்டது. அதனால் பிறகு அவை அகற்றப்பட்டு, கற்கள் கோட்டைக்குள் வந்தன. கல் இடம் மாறலாம், உடையலாம். எழுதி வைத்த பதிவு இருந்தால்தான் உண்மை நிற்கும்.

எந்தத் தகவல் எங்கே கிடைக்கும்?

1. இறப்புச் சான்றிதழ்: பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ன்படி, மரணம் நடந்த இடத்தில் பதிவாகும், வீடு இருக்கும் இடத்தில் அல்ல. பெருநகர சென்னை மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழைத் தேடிக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இதில் கல்லறை எண் இருக்காது. ஆனால் சரியான தேதி கிடைக்கும். அடுத்த எல்லாப் படிக்கும் அந்தத் தேதிதான் சாவி.

2. பங்கு அடக்கப் பதிவேடு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு இருக்க வேண்டும். மற்ற சபைகளிலும் அடக்கப் பதிவேடு எழுதும் வழக்கம் உண்டு. இறந்தவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவரோ, அந்த அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

3. கல்லறைத் தோட்டப் பதிவேடு: பகுதி, வரிசை, எண் ஆகியவை இங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே குடும்பக் கல்லறையில் பலரை அடக்கம் செய்திருந்தால், முதலில் அடக்கமானவர் பெயரிலேயே பதிவு இருக்கலாம். அதனால் கொள்ளுத் தாத்தா பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

4. நூறாண்டுக்கு முந்தையவை: மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே.காட்டன் என்ற அதிகாரி 1905-ல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்களே இதில் உண்டு. அக்காலத் தேவாலயப் பதிவேடுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், 'என்/2' என்ற மெட்ராஸ் வரிசையில் உள்ளன.

பெயரில்தான் சிக்கல்!

வீட்டில் ராயப்பன், பதிவேட்டில் பீட்டர். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பால். அருளப்பன் என்றால் ஜான், யாகப்பன் என்றால் ஜேம்ஸ், சூசை என்றால் ஜோசப், இன்னாசி என்றால் இக்னேஷியஸ். பழைய ஏடுகளில் லத்தீன் வடிவமும் வரலாம். ஒரு பெயரில் கிடைக்கலைன்னா, 'பதிவே இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள். தேதியை வைத்து, முன்னும் பின்னும் சில நாள்களின் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். இறந்த நாள் வேறு, அடக்க நாள் வேறு.

நந்தம்பாக்கம் காட்டும் வழி

நல்ல பதிவேடு எப்படி இருக்கும் என்பதற்கு நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையைப் பாருங்கள். தென்னிந்தியா உள்ளிட்ட பகுதிகளில் சிதறிக் கிடந்த, நிரந்தரப் பராமரிப்புக்கு வழியில்லாத இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 1952-ல் இது உருவானது. இங்கே 856 வீரர்களின் கல்லறைகள் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதவி, இறந்த தேதி, பகுதி, வரிசை, எண் எல்லாம் வரும். வெளிநாட்டிலிருந்து வரும் பேரன்கூட நேராக அந்தக் கல் முன்னால் போய் நிற்க முடிகிறது.

உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் பட்டியல் தயாரிக்கலாம்

பங்கு இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்தாலே தொடங்கலாம். முதலில் நிர்வாகத்தின் அனுமதி பெறுங்கள். பிறகு:

• வாசலிலிருந்து தொடங்கி வரிசைகளுக்கு எண் கொடுத்து, தாளில் வரைபடம் போடுங்கள்.
• ஒவ்வொரு கல்லறைக்கும் இரண்டு படம்: ஒன்று எழுத்து தெரிய, இன்னொன்று பக்கத்துக் கல்லறைகளோடு.
• எழுத்து மங்கலா? காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் எடுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் வேண்டாம், கல் போய்விடும்.
• கல்லில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.
• பெயரில்லாத கல்லறைக்கும் எண் கொடுங்கள். நாளைக்குப் பதிவேடு அதற்கு ஒரு பெயர் தரலாம்.
• ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். செல்போன் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தத் தூரத்துக்குள் இரண்டு மூன்று கல்லறைகள் வந்துவிடும். வரிசை எண்தான் உறுதி.
• கடைசியாக, பட்டியலைப் பங்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரு பிரதியை அலுவலகத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

குடும்பக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்ய அனுமதி கேட்கும்போதும் இந்தப் பதிவுகள் கைகொடுக்கும். துக்க வீட்டில் நின்றுகொண்டு இடத்தைத் தேடுவதைவிட, இப்போதே எழுதி வைப்பது நல்லது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அவரோடு ஒருமுறை கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அவர் கை காட்டும் இடத்தைப் படம் எடுத்து, வரிசையை எண்ணி, பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஏட்டிலும் இல்லாத பதிவு இன்னும் அவர் நினைவில் இருக்கலாம்.