தலைமுடியை விட மெல்லிய தரை

அத்தைக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் ராத்தங்கியிருந்தேன். தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே வந்தால், பகலெல்லாம் தள்ளுவண்டியும் செருப்புக்காலும் ஓயாத நடைவழி வெறிச்சோடிக் கிடந்தது. குறுக்கே ஒரு மஞ்சள் பலகை. அதற்கு அப்பால் தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ பரவியிருந்தது, நாற்று நடுவதற்கு முன் சேறடித்த வயல் மாதிரி. நடுவில் கம்பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்ட ஓர் அக்கா.

"அங்கேயே நில்லுங்க சார்! கால வச்சீங்கன்னா நேரா கேஷுவாலிட்டிதான்."

"என்னக்கா கொட்டிப்போச்சு?"

"கொட்டலை. பழைய கோட்டிங்கை உரிக்கிறோம்."

தரைக்குத் தோல் உண்டா, உரிப்பதற்கு? உண்டு. உங்கள் பள்ளியில் மொசைக் தரை இருந்தால் அதன் பளபளப்பு கல்லின் சொந்தப் பளபளப்பு; கல்லையே இழைத்து இழைத்து வரவழைத்தது. இந்த நடைவழியோ வினைல், அதாவது பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மினுமினுப்பு மேலே பூசியது. நகப்பூச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பூச வேண்டும்? மணலுக்குப் பயந்துதான். செருப்பில் ஒட்டி வரும் மணலில் நிறைய குவார்ட்ஸ் இருக்கும். எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, பளிங்குக்கு வெறும் 3. பளிங்கே தோற்கிற இடத்தில் வினைல் எந்த மூலைக்கு? கீறல் விழட்டும், ஆனால் பூச்சின் மேல் விழட்டும். பூச்சு நைந்து, அழுக்கேறி, மங்கிப்போனதும் அதை உரித்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். தரை தப்பித்தது.

சுவரோரம் இருந்த கேனை எட்டிப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை! ஆனால் தரையில் காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். அந்த வெள்ளை எங்கே போகிறது?

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய ஸ்டீல் தட்டில் ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவுங்கள். முதலில் வெள்ளை, மறுநாள் பார்த்தால் தட்டு தெரியும். கேனில் இருப்பதும் இதே வகைச் சரக்குதான். தண்ணீரில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு துகள். ஒளி ஒவ்வொரு துகளிலும் மோதிச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. பால் வெள்ளையாக இருப்பதும் இப்படித்தான். தண்ணீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று இழைந்து ஒரே ஏடாகிவிடும். மோதுவதற்குத் தனித்தனித் துகள் இல்லை. ஒளி நேராகப் போய்விடுகிறது.

இப்போது அந்தத் தட்டைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பசை மறுபடி வெளுத்து, தொளதொளத்துப் போகும். அப்படியானால் தினமும் மாப் போடுகிற தரையில் பூச்சு எப்படி நிற்கிறது?

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. இவ்வகைப் பூச்சுகள் பலவற்றில் கொஞ்சம் துத்தநாகம் இருக்கும். கேனுக்குள் அதை அம்மோனியா தன் பிடியில் வைத்திருக்கும். பூசியதும் அம்மோனியா காற்றோடு போய்விடும். விடுபட்ட துத்தநாகம், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்ளும். கபடியில் ரெய்டு வருபவரை மடக்க எதிரணி கைகோத்து நிற்குமே, அப்படி. தண்ணீராலோ சாதாரண சோப்பாலோ அந்தக் கைகளைப் பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டுமென்றால் துத்தநாகத்துக்குப் பழைய சிநேகிதனைக் காட்ட வேண்டும். அக்கா ஊற்றியிருந்தது அதைத்தான்: அம்மோனியாவின் உறவுக்காரப் பொருள் கலந்த கடுங்காரம். துத்தநாகம் அதோடு போய்விடும், சங்கிலிகள் கைவிடும். கூடவே ஒரு கரைப்பான் பூச்சுக்குள் புகுந்து அதை ஊறவைக்கும். பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். ஆனால் காயவிட்டால் போச்சு, எல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டால் தோலையும் பதம் பார்க்கும். கையுறை வெறும் அலங்காரம் இல்லை.

ஊறியதைக் கருப்புப் பேட் மாட்டிய வட்ட மெஷினால் தேய்த்தார். பார்க்க அது பூனைக்குட்டி போல் பின்னால் வந்தது. "சும்மா பிடிச்சுப் பாருங்க" என்று காய்ந்த பக்கம் கொண்டுவந்து கொடுத்தார். சுவிட்சை அழுத்தியதும் என்னை இழுத்துக்கொண்டு சுவரில் முட்டியது! அக்கா சிரித்துவிட்டு, பிடியைத் துளி தாழ்த்தினார், இடப்பக்கம் நகர்ந்தது. துளி உயர்த்தினார், வலப்பக்கம் நகர்ந்தது. சுழலும் தட்டின் முன்விளிம்பும் பின்விளிம்பும் தரையை எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகின்றன. இரண்டும் சமமாக அழுத்தும்வரை வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பிடியைத் தாழ்த்தினால் நம் பக்கத்து விளிம்பு அழுந்தும், அங்கே உராய்வு ஜெயிக்கும். ஸ்டியரிங்கே இல்லாத வண்டியை உராய்வை வைத்தே ஓட்டுகிறார்.

சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரால் கழுவினார். அப்படியே விட்டால் மிச்சமிருக்கும் காரம் புதுப் பூச்சையும் கைகோக்க விடாது.

பிறகு பூச்சு. ஒரு லிட்டர் சுமார் 50 சதுர மீட்டருக்கு வரும் என்றார். நீங்களே கணக்குப் போடுங்கள்: ஈரத்தில் கனம் 0.02 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால், காய்ந்து மிஞ்சுவது 0.004. ஐந்து கோட் போட்டாலும் 0.02தான். நம் தலைமுடி சுமார் 0.07! மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"ஒரே தடவையில கனமாப் பூசிட்டா வேலை முடிஞ்சிடுமே அக்கா?"

"கஞ்சி ஆறும்போது மேல ஆடை கட்டுமில்ல? அந்த மாதிரி மேல காஞ்சிடும், உள்ள ஈரம் மாட்டிக்கும். நாளைக்குக் கட்டில் சக்கரம் போனா பள்ளம் விழும்."

ஒவ்வொரு கோட்டும் காயக் காத்திருந்து காத்திருந்து மணி நாலரை ஆகிவிட்டது. மேடுபள்ளமான பரப்பு ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். சமமான பரப்பு ஒரே திசையில் திருப்பும். காற்றில்லாத நேரத்துக் குளம் போல, கூரையில் இருந்த டியூப்லைட் முழுசாகத் தரைக்குள் தெரிந்தது.

பலகையை எடுத்ததும் முதல் ஆளாக நடக்க ஆசைப்பட்டுக் காலைத் தூக்கினேன். அக்கா மிதியடியைக் காட்டினார். செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் மூன்று மணல் துகள்கள்.