ஆறாம் இடமா, ஏழாம் இடமா?

உயிர்த்தகவலியல் படிக்க வரும் முதுகலை மாணவர் கையில் முதல் நாளே மென்பொருள் பட்டியலைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு புரதத்தைக் கொடுத்து, எழுத்து எழுத்தாக எண்ணச் சொன்னால் போதும். பீட்டா குளோபின் அதற்குத் தோதானது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இருக்கும் நான்கு சங்கிலிகளில் இரண்டு இதுதான்.

அரிவாள் செல் சோகை ஏன் வருகிறது என்று பாடநூலைப் புரட்டினால், இந்தச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்துவிட்டது என்றிருக்கும். மரபணுவில் ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான் மாற்றம். 

இப்போது தரவுத்தளத்தில் அந்தப் புரதத்தைத் திறந்து பாருங்கள். எம், வி, எச், எல், டி, பி, இ, இ, கே என்று தொடங்கும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். விரல்விட்டு எண்ணினால் ஆறாவதாக நிற்பது பி, அதாவது புரோலின். குளுட்டாமிக் அமிலமான இ ஏழாவதாக இருக்கிறது! பாடநூல் தவறா, தரவுத்தளம் தவறா?

இரண்டும் சரி. செல்லுக்குள் புரதம் உருவாகும்போது முதலில் வரும் மெத்தியோனின், பிறகு வெட்டி நீக்கப்படுகிறது. 1957-இல் கேம்பிரிட்ஜில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்த வெர்னான் இங்ராம் கையில் இருந்தது, மெத்தியோனின் போன பிறகு மிஞ்சிய 146 அமினோ அமிலச் சங்கிலி. தரவுத்தளமோ மரபணுவைப் படித்து 147 என்று எழுதுகிறது. எங்கிருந்து எண்ணுகிறோம் என்று கேட்காமல் ஆய்வேட்டில் ஓர் எண்ணை எழுதினால், சொல்லும் அமினோ அமிலமே மாறிப்போகும்.

அடுத்தது ஒப்பீடு. நீடில்மனும் வுன்ஷும் 1970-இல் தந்த முறை, இரண்டு வரிசைகளைக் கட்டம் போட்டு எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் போட்டு, மிகச் சிறந்த பொருத்தத்தைத் தேடும். மதிப்பெண் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பெரிதும் பயன்படும் பிளோசம் 62 அட்டவணையில் லூசினோடு லூசின் பொருந்தினால் 4. டிரிப்டோஃபானோடு டிரிப்டோஃபான் பொருந்தினால் 11. டிரிப்டோஃபான் அரிதானது, எளிதில் இடம் மாறாதது; அது இரண்டு வரிசைகளிலும் ஒரே இடத்தில் நின்றால் அதற்குக் கனம் அதிகம். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிரே வாலின் வந்தால் 2 மதிப்பெண் கழியும்.

கோடிக்கணக்கான வரிசைகளோடு இப்படிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். 1990-இல் வந்த பிளாஸ்ட், வரிசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, பொருந்தும் இடங்களை மட்டும் பிடித்து, அங்கிருந்து இருபுறமும் நீட்டிப் பார்க்கிறது. கூடவே இ-மதிப்பு என்ற ஓர் எண்ணையும் தருகிறது. இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் இதே அளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்பதே அதன் பொருள்.

வி-எச்-எல்-டி-பி என்ற ஐந்து எழுத்தை மட்டும் தேடிப் பாருங்கள். இருபது அமினோ அமிலங்களைக் கொண்டு 32 லட்சம் ஐந்தெழுத்துச் சேர்க்கைகள்தான் அமையும். தரவுத்தளம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. குளோபினோடு எந்த உறவும் இல்லாத புரதங்களும் வந்து நிற்கும். 147 எழுத்துகளையும் கொடுத்துத் தேடினால் இ-மதிப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சிம்பன்சியின் பீட்டா குளோபின் ஓர் எழுத்துகூட மாறாமல் நம்முடையதாகவே இருக்கும். கொரில்லாவில் ஒரே ஓர் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின். அந்த இடம் பழைய நூல்களில் 104, உங்கள் திரையில் 105.