பயிற்சி மையம்: பக்கத்து ஊர்க் கடை

கிராமத்து மாற்றுத்திறனாளிக்குத் தொழிற்பயிற்சி என்றதும் பலருக்கும் தோன்றுவது தையல்தான். சில மாத வகுப்பு, சான்றிதழ், மேடையில் வைத்து ஒரு தையல் மிஷின். போலியோவால் கால் சூம்பியவருக்கு மிதித்து ஓட்டும் மிஷின் எதற்கு? மூன்று தையல் கடை உள்ள சின்ன ஊரில் நான்காவது கடைக்குத் துணி எங்கிருந்து வரும்? இதையெல்லாம் முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு.

கம்போடியாவில் கேட்டார்கள். போலியோவும் கண்ணிவெடியும் ஏராளமானோரை முடக்கிய நாடு அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பின்லாந்து அரசின் நிதியுடன் 2002-ல் கொம்பொங் ஸ்பூ, பூர்சாட் மாகாணங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தில் ஏற்கெனவே ஒரு தொழில் செய்து நாலு காசு பார்ப்பவரைத் தேடிப் பிடித்து, கற்க விரும்புபவரை அவரிடமே சேர்த்துவிடுவார்கள். அந்தத் தொழிலுக்கு ஊரில் இன்னும் இடமிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவார்கள். கற்றவர் வேறு ஊரில் கடை போட்டால் கற்றுக்கொடுத்தவருக்கும் போட்டி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

சைக்கிள் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வகுப்பறையிலேயே சொல்லித்தரலாம். பசை எங்கே மலிவு, யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த மாதம் கூட்டம் வரும் என்பதெல்லாம் கடையில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். ஸ்பேனரையும் நெம்பியையும் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் பரப்பிக்கொண்டால், நடக்க முடியாதவரும் பஞ்சர் ஒட்டலாம்.

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. கணினிப் பயிற்சிக்கு மையம் வேண்டும். பேருந்து ஏற முடியாதவருக்கு அங்கேயே விடுதியும் வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மையத்தையும் நடத்துகிறது, கிராமங்களுக்கும் போகிறது. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் பணமும் கவனமும் மையங்களுக்கே போய்ச் சேர்கின்றன.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளில் 69 சதவீதம் பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களில், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு. உங்கள் ஊராட்சியில் அந்த 5 சதவீதம் யார் யாருக்குப் போனது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.